பாதி நிரப்பிய தொட்டி

கார்காலம் ஆரவாரமின்றித்தான் வருகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. வானம் தாழ்ந்து நீரின்மேல் கவிகிறது. கயிறுகள் ஈரத்தில் கனக்கின்றன. என் படகுப் பட்டறைச் சுவர் வியர்க்கிறது. பெட்டிக்குள் பூட்டிய துணியும் நமுத்துப்போகிறது. உலகம் முழுவதும் தலைகுனிந்து எவருக்கோ காத்திருப்பதுபோல் தோன்றும். பழைய படகுகளுக்கு ஆகாத பருவம் அது.

இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அதுவும் ஒருவகைச் சாராயந்தான். காற்றின் ஈரத்தைக் குடிக்கும். தொட்டி பாதி காலியாக இருந்தால் ஈரக்காற்று உள்ளே புகும். நாளடைவில் நீரும் சாராயமும் கூடிப் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஆகவே பழைய படகுகளுக்குக் கலப்பில்லாத பெட்ரோலைத் தேடி வாங்கி விளிம்புவரை நிரப்புவேன். ஊறிப்போன ரப்பர் குழாய்களை மாற்றுவேன். நீரைப் பிரிக்கும் வடிகட்டி பொருத்துவேன். நான் பார்த்துக்கொண்ட படகு நடுநீரில் நின்றதில்லை, ஒன்றைத் தவிர.

அது என் மாப்பிள்ளையின் படகு. அவருக்கு அக்கரையில் வேலை கிடைத்தது. என் மகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு அங்கேயே குடிபோவதென்று முடிவாயிற்று. மனைவி மறைந்தபின் அந்தக் குழந்தையின் மழலையால்தான் என் வீடு வீடாக இருந்தது. மழை முடியட்டும் என்றேன். குழந்தையை மட்டுமாவது விட்டுச்செல்லுங்கள் என்று, பெண் கொடுத்தவன் என்பதையும் மறந்து, கைகூப்பிக் கெஞ்சினேன். அவர் சிரித்தார்.

"மாமா, உங்க பெட்ரோலைவிட நீங்கதான் சீக்கிரம் பத்திக்கிறீங்க."

நானும் சிரித்தேன். படகு என் கொட்டகையில்தான் நின்றது. வடிகட்டியைக் கழற்றினேன். கலப்புப் பெட்ரோலைப் பாதியளவு ஊற்றி, மூடியைத் தளர்த்தி, மழையிடம் ஒப்படைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. புறப்படும் காலையில் மேலே நல்ல பெட்ரோலை நிரப்பினேன். குழாயிலும் கார்புரேட்டரிலும் நல்லதே இருந்தது. முகத்துவாரம் வரை போக அது போதும்.

சாமான்களுடன் அவர் மட்டும் முதலில் போவதாக ஏற்பாடு. துறையில் மகள் குழந்தையை என் தோளில் சாய்த்தாள்.

"நானும் போய் வீட்டைப் பாத்துட்டு சாயங்காலம் வந்துடறேம்பா. டேங்க் ரொப்பியாச்சா?"

"ஆச்சும்மா."

ஏறிவிட்டாள். கயிற்றை அவிழ்த்தது நான்தான். முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றதும், நீரோட்டம் படகைப் பாறையில் அறைந்ததும் உங்களுக்குத் தெரியும். எனக்கு அவை முன்பே தெரியும். கூப்பிட்டு இறக்கியிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான், ஐயா. குரல் கொடுத்தால் விழித்துக்கொள்வான். அவளை நான் ஒன்றும் செய்யவில்லை. அவளாகத்தான் ஏறினாள்.

அடுத்த அறையில் அழுவது அவன்தான். அம்மாவைக் கேட்கிறான் என்று நினைக்கிறீர்கள், என்னைத்தான் கேட்கிறான். ஒருமுறை என் மடியில் தாருங்கள். மறுக்காதீர்கள், எனக்கென்று வேறு எவரும் மிச்சமில்லை.

அவனைத் தூக்கிவந்ததற்கு நன்றி, போலீஸ் அம்மா. இந்தச் சின்னக் கைகளை என் கைகளுக்குள் குவித்து, நாள்தோறும் இவனுக்குப் பாடும் பதிகத்தில் ஒரு பாட்டு, மெல்லப் பாடிக்கொள்கிறேன்.

நீடு வாழ்க, கண்ணே. என்றும் உன்மேல் அன்புள்ளவர் கையிலேயே நீ இருப்பாயாக.