செல்வமணி கொட்டிய காப்பி

எனக்குக் காப்பிப் பழக்கம் கிடையாது, ஐயா. வரவழைத்து வைத்திருக்கிறீர்கள், தொடாமல் இருப்பதைத் தப்பாக நினைக்காதீர்கள். என் மனைவி செல்வமணிக்குத்தான் காலையில் ஒன்று, வகுப்புகளுக்கு நடுவில் ஒன்று என்று வேண்டும்.

தெற்கு ரதவீதியில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பீர்கள். லோயர், ஹையர் பாஸ் பண்ணி வேலைக்குப் போன எத்தனையோ பேர் என்னிடம் படித்தவர்கள். போன வருஷம், எண்பத்தெட்டில், மதுரையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவந்தேன். வகுப்பு நடப்பது எங்கள் வீட்டு ஹாலில்தான். அதில் ஒரு மூலையைப் பலகை வைத்து மறைத்து அதற்கென்று தனி அறை ஆக்கினேன். தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விடச் சொன்னேன். ஆடித்தபசுக்கு வந்த கூட்டம் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, திரும்பும்போது என் ஜன்னலிலும் ஒருமுறை எட்டிப் பார்த்தது. திரையில் பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்து ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விற்ற கம்பெனிக்காரர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். செல்வமணி பாளையங்கோட்டையில் கணக்குப் பாடம் எடுத்துப் பட்டம் வாங்கியவள். அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது, எனக்குக் கொஞ்சம் தாமதமாகும் போலிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பையன்கள் உள்ளே நுழைந்ததும், "டீச்சர் இல்லையா சார்?" என்பார்கள். கடையநல்லூரிலிருந்து வரும் முகம்மது ஹுசைன் ஒருநாள் என்னிடம் சந்தேகம் கேட்டான். விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் போய் அதே சந்தேகத்தை அவளிடம் கேட்டான். அவள் சொன்ன பதில் வேறாக இருந்தது. அவள் சொன்னதுதான் திரையில் வேலை செய்தது.

காப்பி கொட்டியது ஒரு சனிக்கிழமை. யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பியிருக்கிறாள், முழங்கை பட்டு டம்ளர் சாய்ந்துவிட்டது. திரைக்கு அடியிலிருக்கும் பெட்டிக்குள் காப்பி இறங்கி, டப்பென்று ஒரு சத்தம். திரை இருண்டது. நான் ஓடிப்போனபோது அவள் முந்தானையால் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒண்ணும் ஆகியிருக்காதுல்லா?" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு என்ன பலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை, சர்ச்சைத்தான் கோயில் என்போம். நான் தலைவலி என்று போகவில்லை. பெட்டியைக் கழற்றினேன். காப்பிக் கறையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், வெயிலில் காயவைத்தேன். பெட்டிக்குள்ளேயே பவர் சப்ளை என்று ஒரு தகரக் கூடு உண்டு. வெளிக் கரண்ட் முதலில் வந்து இறங்குவது அங்கேதான். அதைத் திறந்தால் ஃபியூஸ் கருகியிருந்தது. பீடித்துண்டு அளவில் ஒரு கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான். ரேடியோ ரிப்பேர் செய்ய வாங்கிவைத்ததில் ஒன்றை எடுத்துப் போட்டேன். ஸ்விட்சைத் தட்டியதும் பச்சை எழுத்து வந்துவிட்டது. ஒரு சேதமும் இல்லை.

அவளிடம் சொல்லவேண்டும் என்று எழுந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் எழுந்தேன். மெஷினை அணைத்து மூடி வைப்பதற்குள் அவளே வந்துவிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. வாசலிலேயே நின்று, "நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. அவள் சமையலறைக்குள் போனதும் ஃபியூஸைத் திரும்பக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு வாரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அது நீண்டுவிட்டது.

தினமும் காலையில் நான் ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருவேன். ஒருநாள் கீபோர்டு வயராக இருக்கலாம் என்பேன், இன்னொரு நாள் ஃப்ளாப்பி போடும் இடமாக இருக்கலாம் என்பேன். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாள். எல்லாம் மாட்டி முடித்ததும், "நீயே ஸ்விட்சைப் போடு," என்பேன். விரலை வைக்குமுன் கண்ணை மூடி ஜெபிப்பாள். பெட்டி அப்படியே கிடக்கும். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் விடிந்ததும் எழுந்தேன் என்றுகூடச் சொல்லலாம். வைய மாட்டேன். "பரவாயில்லை, நாளைக்குப் பார்ப்போம்," என்றுதான் சொல்வேன். அவளை நான் ஒரு வார்த்தை வைததில்லை, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பையனிடமும் அவளே வாசலில் நின்று காரணம் சொல்லவேண்டும் என்று மட்டும் வைத்தேன். "நான்தாம்ப்பா காப்பியைக் கொட்டிட்டேன்," என்று சொல்லுவாள். காப்பியை அவளாகவே விட்டுவிட்டாள். சாப்பாடும் குறைந்தது. என்னிடம் கேட்காமல் ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நல்ல சமாதானம் இருந்தது.

கெடுத்தது அந்தப் புத்தகம். மெஷினோடு வந்த தடிப்புத்தகத்தை எனக்குத் தெரியாமல் படித்திருக்கிறாள். ஒரு காலையில் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஃபேன்கூடச் சுத்தலை, பாத்தியளா? கரண்டே உள்ள போகலை. பவர் சப்ளையைத் திறந்தா தெரிஞ்சிரும். ஃபியூஸாத்தான் இருக்கும். ஹுசைன் மாமா துபாய்லேருந்து கரண்ட் பாக்குற மீட்டர் கொண்டாந்திருக்காராம். நாளைக்கு எடுத்துட்டு வாரேன்னான்."

பல நாளுக்குப் பிறகு அவள் கண்ணில் வெளிச்சம் இருந்தது. திறந்தால் கருகிய ஃபியூஸ் இருக்காது, காலி இடம்தான் இருக்கும். யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு உடனே புரிந்துவிடும்.

ஃபியூஸை மாட்டிவிட்டு நானே சரிசெய்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அதையும் யோசித்தேன். ஹுசைன் வருவதற்குள் ஓர் இரவு முழுக்க அவகாசம் இருந்தது. ஆனால் மெஷின் ஓடினால் மறுபடி எல்லோரும் டீச்சரைத் தேடுவார்கள்.

"ஹுசைன் எதுக்கு? நீயே திறந்து பாரேன்," என்றேன்.

அவளால் நம்ப முடியவில்லை. "நானா?" என்று சிரித்தாள்.

அறையைத் துடைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னேன். சிமெண்டுத் தரை, ஈரம் காயவில்லை, காலில் செருப்பும் கிடையாது. பிளக் இருப்பது பலகைக்கு இந்தப் பக்கம், நான் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால். மெஷின் ஓடவில்லை என்றாலும், பிளக் மாட்டியிருந்தால் அந்தக் கூட்டுக்குள் கரண்ட் வந்து நின்றுகொண்டுதான் இருக்கும். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் கேட்டாள்.

"பிளக்கைப் பிடுங்கியாச்சா?"

"பிடுங்கியாச்சு," என்றேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்க்ரூக்களைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு தகர மூடியைத் தரையில் வைக்கும் சத்தம்.

"ஏங்க, இங்கன ஃபியூஸே இல்லியே," என்றாள். குரலில் சந்தேகம் இல்லை, ஐயா. என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. கம்பெனிக்காரன்தான் போடாமல் விட்டுவிட்டான் என்பதுபோல ஆச்சரியமாகத்தான் கேட்டாள். அந்த இடத்தில்கூட நான் எழுந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம்.

"உள்ளே விழுந்து கிடக்கும். கையை விட்டு நல்லாத் தேடு," என்றேன்.

டாக்டர் விபத்து என்று எழுதிக் கொடுத்தார். அடக்கத்துக்கு மேலநீலிதநல்லூரிலிருந்துகூட மாணவர்கள் வந்தார்கள். ஹுசைன் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்று அழுதான். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் எனக்கு வயரிங் செய்துகொடுத்த மூக்காண்டியை விசாரணைக்கு அழைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனால்தான் டீச்சர் செத்தாள் என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், வரும்போது பார்த்தேன். தான் என்ன தப்புச் செய்தோம் என்றே தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறான். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. செய்யாத குற்றத்தை ஒருவர் தலையில் சுமத்தி, அவர் ஒடுங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் சுபாவத்துக்கே ஒத்துவராது.