கிரேவி என்ற நாயின் ஏசி நின்றுபோனது குறித்து

மல்லாரி காவல் நிலையம், மேற்கு குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா. அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, காலை 10.20. பதிவு செய்தவர்: சீனியர் கான்ஸ்டபிள் ஜோடி பிரென்னன்.

என் பெயர் லொரெய்ன் பீட்டா ஹாப்குட். வயது ஐம்பத்தேழு. ஃபேஸ்புக்கில் ஐம்பத்திரண்டு என்று இருப்பதை நான் இன்னும் மாற்றவில்லை. தொழில் முடி திருத்துவது. கணவர் இருந்தார்; இப்போது கெய்ர்ன்ஸில் வேறொருத்தியின் கணவராக இருக்கிறார். நிலையான முகவரி இல்லை. மூன்று வருடமாக, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியான கேரவனில் இருக்கிறேன். தபால் வந்தால் டூவூம்பாவில் உள்ள என் தங்கை பிரித்துப் படித்துவிட்டுப் போனில் சொல்லுவாள்.

கடந்த திங்கட்கிழமை இதே அதிகாரியிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் சொன்ன எதுவும் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதைச் சொல்ல இன்று நானாகவே வந்திருக்கிறேன். மெர்வின் ஸ்டாக்டேல் என்பவருடைய நாய் கிரேவி, புதன்கிழமையிலிருந்து ஊர் கவுன்சிலின் நாய்க் கூண்டில் இருக்கிறது. இன்று மாலை நாலு மணிக்குள் அவர் அதை நிரந்தரமாக விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடப்போகிறார். போடவேண்டிய காரணம் அவருக்குக் கிடையாது என்பது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

மெர்வை எனக்கு ஐந்து வாரமாகத் தெரியும். வயது எழுபத்துநாலு. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரேவி அவருடைய மனைவி வளர்த்த நாய். பதின்மூன்று வயது, பழுப்பு நிறம், குட்டைக் கால், பாதிச் செவிடு. மனைவி இறந்த பிறகு நாயும் அவரும் மட்டும் ஊர் ஊராகப் போகிறார்கள். அக்டோபர் வெயில் ஏறியதும் மற்ற கேரவன்காரர்கள் எல்லோரும் குளிர் தேடித் தெற்கே போய்விட்டார்கள். மல்லாரி கேரவன் பூங்காவில் மிஞ்சியது ஏழாம் இடத்தில் அவரும் எட்டாம் இடத்தில் நானும். இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே மின்சாரக் கம்பம், அதில் ஒரே சுவிட்ச். அது மெர்வ் கேரவனின் பின்பக்கம் இருக்கிறது.

நான் வந்து இறங்கிய அன்றே பூங்கா மேலாளர் ட்ரெவர் கம்பத்தைத் தட்டிக் காட்டி, "ரெண்டு ஏசி தாங்கும். அதுக்கு மேல ஒரு டோஸ்டர் போட்டாக்கூட பொட்டுனு போயிடும். அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது" என்றார். நான் டோஸ்ட் சாப்பிடுவதில்லை என்று பதில் சொன்னேன். அன்று அது எனக்குப் பெரிய நகைச்சுவையாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மெர்வ் ரத்தப் பரிசோதனைக்காக நூற்றுப்பத்து கிலோமீட்டர் தள்ளி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஆஸ்பத்திரிக்குள் நாய்க்கு அனுமதி இல்லை, வெயிலில் வண்டியில் விட்டுவைப்பவரும் அவர் இல்லை. அதனால் கேரவனைப் பூட்டி, ஏசி போட்டு, நாயை உள்ளே விட்டார். கதவில் எப்போதும் போல் அட்டை மாட்டினார். உள்ளே நாய் இருக்கிறது, ஏசி ஓடுகிறது, கண்ணாடியை உடைக்காதீர்கள், சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். அதன் பிறகு என்னிடம் வந்து போனைக் காட்டினார். கேரவனுக்குள் எத்தனை டிகிரி என்று அதில் தெரியும். அப்போது இருபத்துமூன்று. "இருபத்தெட்டைத் தாண்டினா இது கத்தும். நீ ஒண்ணும் பண்ண வேணாம்மா. காதை மட்டும் இந்தப் பக்கம் வெச்சுக்க" என்றார். என் காது எப்போதும் அடுத்தவர் வீட்டில்தான் இருக்கும், கவலைப்படாமல் போய்வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

அதன் பிறகு காலை முழுவதும் அவருடைய ஏசி ஓடும் சத்தத்தை என் காதால் கேட்டேன். ஓடிய ஏசி அது. இந்த வரியை அதிகாரி அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அப்படிச் செய்யும் வழக்கம் இல்லை என்றார்.

அதன் பிறகு பதினொன்றரைக்கு என் பூனை டச்சஸ், கழுத்துப் பட்டையோடு கட்டியிருந்த இடத்திலேயே செம்மண்ணில் உருண்டு செங்கல் மாதிரி ஆகியிருந்தது. அதைக் குளிப்பாட்டினேன். ஈரத்தோடு விட்டால் ஏசியில் சளி பிடிக்கும் என்று ஹேர் டிரையரைச் சொருகினேன். அது கடை வைத்திருந்த காலத்து டிரையர், கொழுத்த சாமான். பன்னிரண்டு மணிச் செய்திக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளியே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, டிரையர் நின்றது. என் ஏசி ஒரு விக்கல் விக்கிவிட்டு மறுபடி ஓடியது. என் கேரவனில் பெரிய பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனால் அது பிடித்துக்கொள்ளும். மெர்வின் கேரவனில் இருப்பது விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆகிற சின்ன பேட்டரி.

கம்பத்துச் சுவிட்ச் விழுந்துவிட்டது என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும். எழுந்து போய்த் தூக்கிவிட்டிருக்க வேண்டும். நான் உள்பாவாடையோடு இருந்தேன், மடியில் ஈரப்பூனை, வெளியே முப்பத்தொன்பது டிகிரி. பத்து நிமிடம் கழித்துப் போகலாம் என்று உட்கார்ந்தேன். நாயைப் பற்றி நினைத்தேனா என்று அதிகாரி கேட்டார். நினைத்தேன். சூடு ஏறினால் மெர்வின் போன் கத்தும், அவர் எனக்குப் போன் பண்ணுவார், அப்போது எழுந்தால் போதும் என்று நினைத்தேன். அந்தப் போனுக்குச் செய்தி அனுப்புகிற வைஃபை பெட்டியும் அதே கம்பத்துக் கரண்டில்தான் ஓடுகிறது என்பது எனக்கும் தோன்றவில்லை, அதை மாட்டிய மெர்வுக்கும் தோன்றவில்லை. கரண்ட் போனதும் ஏசியோடு சேர்ந்து அதுவும் வாயை மூடிக்கொண்டது. அவர் போனில் கடைசியாக வந்த இருபத்துமூன்று அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டரைக்குப் பார்த்தேன், இருபத்துமூன்றுதான் இருந்தது, நிம்மதியாக ஒரு சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டேன் என்று அவர் அதிகாரியிடம் சொன்னது உண்மை.

அதன் பிறகு கிரேவி குரைத்தது. பாதிச் செவிடு என்பதால் அதற்குத் தன் சத்தத்தின் அளவு தெரியாது. நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் குரைப்பு நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது. அதன் பிறகு தூங்கிவிட்டேன்.

ஒன்று இருபத்தைந்துக்கு விழித்தேன். கால்சட்டையை மாட்டிக்கொண்டு துண்டு காயப்போட வெளியே வந்தபோது மெர்வின் ஏசிச் சத்தம் இல்லாததைக் கவனித்தேன். கேரவன் சுவரில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். ஓடிப்போய்ச் சுவிட்சைத் தூக்கினேன். என் இடத்திலிருந்து அது இருபத்தாறு அடி. பிறகு எண்ணிப் பார்த்தேன். கரண்ட் வந்தது, ஏசி வரவில்லை. அவருடையது பழைய ஏசி, ஒருமுறை நின்றால் உள்ளே போய் ரிமோட்டை அழுத்தினால்தான் ஓடும். அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மெர்வ் அப்போது திரும்பி வரும் பாதையில் சிக்னல் இல்லாத பகுதியில் இருந்தார். ட்ரெவரின் அலுவலகத்தில் 'இதோ வருகிறேன்' என்ற பலகை தொங்கியது. அந்தப் பலகை ஆகஸ்டிலிருந்து தொங்குகிறது.

அதன் பிறகு சிங்குக்கு மேலே இருக்கும் ஜன்னலை இறைச்சி வாட்டும் இடுக்கியால் நெம்பினேன். கொக்கி உடைந்தது. ஐஸ்பெட்டி மேல் ஏறித் தலையையும் தோளையும் உள்ளே விட்டேன். அந்த ஜன்னல் என் தங்கைக்குப் போதும். இடுப்பு வந்ததும் நான் நின்றுவிட்டேன், ஐஸ்பெட்டி நழுவிப் போய்விட்டது, மேலிருந்து ஜன்னல் பலகை இறங்கி முதுகில் உட்கார்ந்தது, அதன் கம்பி என் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. போன் வெளியே புல்லில் கிடந்தது. உள்ளே அடித்த காற்று அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது.

கிரேவி தரையில் பக்கவாட்டில் கிடந்தது. நாக்கு தரையைத் தொட்டது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது, வாலை ஆட்டவில்லை. ஏசி ரிமோட் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தது. என் விரலுக்கும் அதற்கும் ஒரு கரண்டி நீளம் இடைவெளி. கரண்டியை எடுத்து எட்டினேன். ரிமோட் விழுந்து மேசைக்கு அடியில் போய்விட்டது.

குழாய் மட்டும் என் மூக்குக்கு நேரே இருந்தது. திறந்தேன், தண்ணீர் வந்தது. முதலில் கொதிநீராக வந்தது, பிறகு வெதுவெதுப்பானது. கையில் கிடைத்த குவளையால் மொண்டு மொண்டு நாய் மேல் ஊற்றினேன். பாத்திரம் துடைக்கும் துணியை நனைத்து வீசினேன், கழுத்தில் விழுந்தது. "கிரேவி, எழுந்திருடா. ஆயுசுக்கும் குரைடா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குக் காது கேட்காது. நான் சொன்னது நாய்க்குத்தானா என்றும் எனக்குத் தெரியவில்லை. அப்படி இருபத்தைந்து நிமிடம். அதில் எந்த நிமிடத்திலும் வேறெங்காவது பார்க்கலாம் என்றால் கழுத்து திரும்பவில்லை. நாயை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

அதன் பிறகு இரண்டு ஐந்துக்கு மாடு ஏற்றும் லாரி ஓட்டுகிற டானா ஷீல்ஸ் என்ற பெண் கழிவறை தேடிப் பூங்காவுக்குள் வந்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்த என் பகுதியைப் பார்த்து, "அக்கா, நீங்க உள்ள போறீங்களா, வெளிய வர்றீங்களா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே போனில் படமும் எடுத்தார். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எடுக்கப்பட்டதும் பின்னால்தான். "உள்ள நாய் சாகுதும்மா. என்னை விடு, கதவை உடை" என்றேன். டானா டயர் கழற்றும் கம்பியால் கதவை உடைத்தார், ரிமோட்டைத் தேடி எடுத்து ஏசியைப் போட்டார், நாயைத் தூக்கிக்கொண்டு தன் லாரியின் குளிர்ந்த கேபினுக்கு ஓடினார். போகும்போது அவர் கையில் கிரேவியின் வால் ஒருமுறை அசைந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு திரும்பி வந்து, பாத்திரம் கழுவும் சோப்பை இடுப்பில் ஊற்றி என்னை இழுத்து எடுத்தார்.

மெர்வ் இரண்டரைக்கு வந்தார். வைஃபை உயிர் பெற்றதும் அனுப்பிய நாற்பத்துநாலு டிகிரி என்ற செய்தி, சிக்னல் கிடைத்த இடத்தில் அவர் போனில் கத்தியிருக்கிறது. அவர் வண்டியின் கதவைக்கூட மூடாமல் ஓடிவந்தார். டானா அவரைப் பார்த்து, "ஏசி போடாம நாயைப் பூட்டிட்டுப் போயிருக்கீங்களே, மனுஷனா நீங்க?" என்று கேட்டார். மெர்வ் என்னைப் பார்த்தார். நான் நாயின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு இந்த அதிகாரி வந்தார். நீங்கள் பார்த்தபோது ஏசி ஓடியதா என்று கேட்டார். ஓடவில்லை என்றேன். எப்போது நின்றது என்று அவர் கேட்கவில்லை. கம்பத்தைப் பார்த்தார். சுவிட்ச் மேலே இருந்தது, கரண்ட் இருந்தது. நான் தூக்கிவிட்டேன் என்று சொல்லவில்லை. கரண்ட் இருந்தும் ஏசி போடாமல் போனவர் என்று மெர்வின் பெயரில் எழுதப்பட்டது அதனால்தான். பதினொன்று ஐம்பதிலிருந்து ஒன்று முப்பது வரை அவர் போனில் பதிவு எதுவும் இல்லாமல் இருப்பதற்குக் காரணம் சுவிட்ச் விழுந்தது; இடையில் அறுந்த பதிவு என்பதால் அதற்கு முன் அதில் இருந்த இருபத்துமூன்றையும் யாரும் நம்பவில்லை. அந்த நேரமும் நான் சொல்லும் நேரமும் ஒத்துப்போகும், சரிபார்க்கலாம்.

டானாவின் படம் அன்று மாலையே கேரவன்காரர்களின் பக்கத்தில் வந்தது. நாற்பத்தோராயிரம் பேர் பார்த்தார்கள். மகாராணியே, வீராங்கனையே என்று எழுதினார்கள். என் முன்னாள் கணவர்கூட ஒரு இதயம் போட்டிருந்தார். என் பின்பக்கத்தை அவர் பாராட்டியது இதுவே முதல் தடவை. அதே பக்கத்தில் மெர்வைக் கூண்டில் போட்டு வெயிலில் வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள், அவருடைய வண்டி எண்ணையும் போட்டிருந்தார்கள். புதன்கிழமை கவுன்சில் ஆள் வந்து நாயை எடுத்துப் போனார். நான் ஜன்னல் திரையை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். என் கேரவன் ஆறு மீட்டர் நீளம். அன்றைக்கு அதற்குள் ஒளிய ஒரு இடம் கிடைக்கவில்லை.

நேற்று மாலை மெர்வ் என் கதவைத் தட்டினார். கையில் ஒரு டப்பா இஞ்சி பிஸ்கட், நன்றி சொல்வதற்காக. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அதன் பிறகு சொன்னார்: "ஏசி போட்டேன்னுதான் நினைச்சேன், லொரெய்ன். ஆனா போட்டேனான்னு எனக்கே இப்ப தெரியல. வயசு அப்படி. இன்னொரு தடவை மறந்தா நீ பக்கத்துல இருக்க மாட்டே. அவனை வேற யாருகிட்டயாவது குடுத்துடறதுதான் நியாயம்." படிவத்தைக் காட்டினார். கையெழுத்து போடும் இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார், இடம் மாறிவிடக்கூடாது என்று.

நான் பிஸ்கட் டப்பாவை வாங்கிக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

இன்று காலை நிலையத்துக்கு வந்தபோது மெர்வ் முன்னறையில் பெஞ்சில் இருந்தார். கவுன்சில் ஆள் இங்கேதான் படிவத்தை வாங்கிக்கொள்வாராம், நாலு மணிக்குத்தான் வருவார். மெர்வ் பத்து மணிக்கே வந்து காத்திருக்கிறார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி என்னைக் கேட்டார். ஜன்னலில் மாட்டியபோது இழுத்து எடுக்க ஒருத்தி வந்தாள், இதில் அப்படி யாரும் வரவில்லை என்றேன். இது பதிலாகுமா என்று கேட்டார். ஆகாது என்று ஒப்புக்கொண்டேன்.

எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். கதவைத் திறந்து வைத்துப் படிக்கும்படி கேட்டுக்கொண்டேன், அப்படியே செய்தார். ஹேர் டிரையர் வந்த இடத்தில் வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. சுவிட்ச் வந்த இடத்தில் மெர்வ் எழுந்து வாசலில் வந்து நின்றார். படித்து முடியும் வரை நின்றார். அதன் பிறகு படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாயை எத்தனை மணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அதிகாரியிடம் கேட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இதில் உள்ளது அனைத்தும் நடந்தது நடந்தபடியே என்றும், யாரும் கட்டாயப்படுத்தாமல் நானே சொன்னது என்றும், இதற்கு முன் கொடுத்ததோடு இதையும் சேர்த்துப் படித்தால்தான் அது உண்மையாகும் என்றும் அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லொரெய்ன் பீ. ஹாப்குட்

என் முன்னிலையில்: ஜோ. பிரென்னன், சீனியர் கான்ஸ்டபிள். நேரம் 11.45.