மூன்று நாள் அவகாசம்

என் மேசை லாச்சியில் எப்போதும் இஞ்சி டொபி இருக்கும், ஐயா. சோர்ந்து வருகிறவர் யாராக இருந்தாலும் ஒன்று கொடுப்பேன். விசாரிக்க வந்த உங்களுக்கும் கொடுத்தேன். நீங்கள் மறுக்கவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் கம்பனி இணையத்தளங்களுக்குப் பெயர் பதிந்து கொடுக்கிறது. ஏதாவது தளம் மோசடி என்று முறைப்பாடு வந்தால் அது என்னிடம் வரும். உரிமையாளருக்கு அறிவித்து, பதில் சொல்ல மூன்று நாள் விட்டு, அதன்பிறகுதான் முடக்க வேண்டும். ஒருமுறை போலி வெளிநாட்டு வேலைத் தளம் ஒன்றுக்கு அந்த மூன்று நாளைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மட்டக்குளிப் பெண் ஒருத்தி, தன் கடவுச்சீட்டை அவர்களிடம் பறிகொடுத்துவிட்டு வந்து என் முன்னால் அழுதாள். அன்று மாலை ஜிந்துப்பிட்டி முருகனிடம் போய் நின்றேன். கள்வனுக்கு ஏன் அவகாசம் என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் காத்திருக்கவில்லை. முறைப்பாடு வந்த அன்றே முடக்கினேன். முறைப்பாடு மூன்று நாள் முன்னரே வந்ததாகத் திகதியிட்டு, 'அறிவித்தும் பதிலில்லை' என்ற கட்டத்தில் சரி போட்டேன். இப்படி நாற்பத்தொரு தளங்கள். எல்லாமே மோசடிதான்.

நாற்பத்திரண்டாவது கொட்டாஞ்சேனை மக்கீனுடையது. ஒரு சிறுமியின் படம். அவளுக்கு அபூர்வ வகை இரத்தம் வேண்டுமென்ற வேண்டுகோள். கொடுக்கக்கூடியவர்கள் தங்கள் தொலைபேசி எண்ணைப் பதிய ஓர் இடம். 'படம் களவெடுத்தது' என்று யாரோ ஒரு வரி எழுதியிருந்தார். முடக்கினேன்.

மறுநாள் மக்கீன் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"அது எண்ட மகள் பஹ்மியாட படம்தான் சேர். பொரளைக்கு வாங்களே, ஆஸ்பத்திரில புள்ளயக் காட்டுறன். ரத்தம் குடுக்கிற ஆக்கள்ட நம்பரெல்லாம் அதுலதான் ஈக்குது."

அவர் உண்மை சொல்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

"பயப்படாதேங்கோ, பாக்கிறன்" என்றேன்.

திறப்பது ஒரு நிமிட வேலை. திறந்தால் ஏன் மூடினாய் என்று மேலதிகாரிகள் கேட்பார்கள். திகதியைப் பார்ப்பார்கள். மற்ற நாற்பத்தொன்றையும் கிளறுவார்கள். கள்வர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள். பக்கத்து மேசை யோகேஸ்வரி தலையை நீட்டி, "கார்த்திகன், மூண்டு நாள் விட்டுத்தானே பூட்டினீங்கள்?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அதன்பிறகு என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

மக்கீன் எட்டு நாளும் ஃபோன் எடுத்தார். ஒரு நாளும் நான் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பிள்ளைக்காக வெள்ளிக்கிழமை விரதம்கூட இருந்தேன். ஒன்பதாம் நாள் அவர் சொன்னார்:

"இனித் தேவல்ல சேர். புள்ளட மையத்த அடக்கியாச்சி. ஒங்களுக்கு நல்லாக் கரச்சல் தந்துட்டன், மாப்பு செய்ங்க."

மன்னித்தேன்.

கோப்பை மூடும்போது நிரப்ப வேண்டிய கடைசிக் கட்டம், 'உரிமையாளருக்கு ஆட்சேபனை உண்டா?' என்பது. இல்லை என்று எழுதினேன். நீங்கள் அந்தக் கோப்பில் எத்தனையோ பொய்களைக் காட்டினீர்கள், ஐயா. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் இன்னொருமுறை பாருங்கள். அதை நான் அந்தக் கடைசி அழைப்பிலேயே அவரிடம் கேட்டு, உண்மையாகத்தான் நிரப்பினேன்.