ஓனர் ஊர்ல இல்ல

— லைட்டைப் போடு.

— இன்னும் இருட்டலையே.

— இருட்டிப் போச்சு. உன் மூக்கே எனக்குத் தெரியல.

— என் மூக்கைப் பாத்து என்ன பண்ணப் போற? கல்யாணத்தன்னிக்கு இருந்த இடத்துலயேதான் இருக்கு.

— இன்னிக்கு ஒரு நாளாவது போடுய்யா. வீட்டுக் கடன் அடைஞ்ச நாளு. பத்திரம் என் மடியில கிடக்கு. அதை ஒரு தடவை கண்ணால பாக்க வேண்டாமா?

— பேங்க்லயே பாத்திருக்கலாம்ல. அங்க எத்தனை லைட்டு எரிஞ்சுது.

— நீ எங்க பாக்க விட்ட? இருபது வருஷக் கடனைப் பாதியிலயே அடைச்சிட்டீங்களே, எப்படிங்கன்னு கவுண்டர்ல இருந்த அம்மா ஆசையா கேக்குறாங்க. நீ ஏசிக்கு நேரா முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற.

— சும்மா வர்ற காத்து. விடச் சொல்றியா?

— எப்படின்னு நான் சொல்லிருப்பேன். தேஞ்ச சோப்பையெல்லாம் சேத்து உருட்டிப் புதுச் சோப்பு பண்ணினோம்னு. பேஸ்ட்டு டியூபைக் கத்தரியால வகுந்து வழிச்சோம்னு. இந்தக் கொத்தனாரு வேலை பாக்குற எடத்துலயே குளிச்சு, அங்கயே செல்லுக்கு சார்ஜ் ஏத்தி, ஒடஞ்ச சாரப் பலகையைத் தலையில சுமந்துட்டு வந்து அடுப்பெரிக்கக் குடுத்தாருன்னு.

— சொல்லிருக்கலாமே. நல்ல விஷயந்தானே.

— அதுக்கப்புறம் ஒண்ணு இருக்கே, அதைச் சொல்ல வாய் வருமா? கட்டின வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, பின்னாடி சிமெண்ட் மூட்டை அடுக்கி வெச்சிருந்த தகரக் கொட்டாயில வாட்ச்மேனும் வாட்ச்மேன் பொண்டாட்டியுமா குடியிருக்கோம்னு.

— வாட்ச்மேன்னு நானா சொன்னேன்? குடியிருக்கிற சார்தான் அவராவே சொன்னார். வீடு பாக்க வந்தப்ப நான் சுவத்துக்குப் பூச்சு பூசிக்கிட்டிருந்தேன். பனியன் பூரா சிமெண்டு. நீதான் வாட்ச்மேனாப்பான்னார். ஆமாம் சார்னேன்.

— ஏன் ஆமாம்ன?

— கணக்குப் பாரு. நான்தான் ஓனர்னு சொன்னா, குழாய் ஒழுகுதும்பாங்க, வெள்ளையடிங்கம்பாங்க. வாட்ச்மேன்னா, ஓனர் ஊர்ல இல்ல சார், வந்ததும் சொல்றேன்னு முடிச்சிடலாம். வாடகையை ஏத்தினாலும் ஓனரைத்தான் திட்டுவாங்க. நம்மளையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு.

— நானும் சேந்துதான் திட்டினேன். மனசார.

— தெரியும். கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். ஆனா நான் எதையும் ஒளிக்கல. வாடகைப் பேப்பர்ல என் பேருதான் இருக்கு. வாட்ச்மேன் பேரு என்னன்னு எவனாவது கேட்டானா? ஒரு நாள் கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

— என் நிலைமையைப் பாரு. காலையில லாண்டரியில இஸ்திரி போட்டு வந்து, சாயங்காலம் என் வீட்டு ஹாலை நானே பெருக்கித் துடைச்சு, அதுக்கு அவங்ககிட்ட சம்பளம் வாங்குறேன்யா. இப்படி ஒருத்தி எங்கயாவது உண்டா?

— அந்தச் சம்பளம்தான் பாதி வட்டியைத் தின்னுச்சு.

— குனிஞ்சு துடைக்கிறப்ப முதுகுல ஃபேன் காத்து படும். என் வீட்டுல நான் அனுபவிச்சது அவ்வளவுதான். அந்த ஜன்னல்கிட்ட வந்தா மட்டும் மெதுவாத் துடைப்பேன். நாளைக்குப் படுக்கறதுக்கு எடம் பாத்து வெச்சிருக்கேன். தலை ஜன்னல் பக்கம், கால் செவுத்துப் பக்கம். இன்னிக்கே போய் அவர்கிட்ட காலி பண்ணச் சொல்லிடு. இல்லேன்னா நான் போறேன்.

— இன்னும் ஒரு வருஷம் வாடகை வந்தா நல்லதுதானே?

— கடன்தான் இல்லையே, இனிமே எதுக்கு?

— பணத்துக்கு.

— என்னைக் கொலைகாரி ஆக்காத. எழுந்திரு.

— எந்த முகத்தை வெச்சுக்கிட்டு சொல்றது? சாரத்துலேர்ந்து விழுந்து நான் காலை ஒடிச்சுக்கிட்டப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனவர் அவர். பில்லைக் கட்டினவரும் அவர்.

— அப்பவாவது உண்மையைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

— சொன்னா பில்லை நான்ல கட்டணும். நீ மட்டும் என்ன, அவர் வீட்டம்மா குடுத்த துணியைத்தானே உடுத்தியிருக்க. அதோட போயா காலி பண்ணுங்கன்னு சொல்லப் போற?

— வேற துணி ஏது? அவுத்துட்டா போக முடியும்?

— சரி, இப்படிச் சொன்னா என்ன? ஓனர் செத்துட்டார் சார், சாகிறப்ப வீட்டை எனக்கு எழுதி வெச்சிட்டாருன்னு.

— அவ்வளவு நல்லவர்னு எவன் நம்புவான்? பத்து வருஷமா நாமதானே திட்டித் திட்டி வெச்சிருக்கோம்.

— அதுவும் சரிதான்.

— உள்ளதை உள்ளபடி சொல்லு. நான்தான் ஓனரு, மன்னிச்சிடுங்கன்னு சொல்லு. காறித் துப்பினா துடைச்சிக்கலாம், துடைக்கிற வேலை எனக்குப் புதுசா? இரு, செருப்புச் சத்தம். அவரேதான் வர்றார். பத்திரத்தைப் பாய்க்கு அடியில தள்ளு.

— வாட்ச்மேன், இருக்கீங்களா? ஏன் இப்படி இருட்டுல உக்காந்திருக்கீங்க ரெண்டு பேரும்?

— லைட்டுப் போட்டா ஓனர் சத்தம் போடுவார் சார்.

— லைட்டுக்குக்கூடவா? இப்படி ஒரு கஞ்சனை நான் பாத்ததே இல்ல.

— கிட்டத்துல இருந்து பாக்கணும் சார். அப்பத்தான் முழுசாத் தெரியும்.

— நீ சும்மா இரு. உக்காருங்க சார், வாளியைக் கவுத்துப் போடறேன். நானே உங்களைப் பாக்க வரணும்னுதான் இருந்தேன். ஒரு விஷயம் சொல்லணும்.

— நான் வந்த விஷயத்தை முதல்ல சொல்லிடறேனே. நாங்க சொந்தமா வீடு வாங்கிட்டோம் வாட்ச்மேன். எல்லாம் லோன்தான். மாசக் கடைசியில காலி பண்றோம். உங்க ஓனருக்குச் சொல்லிடுங்க.

— காலி பண்றீங்களா சார்? நீங்களாவே?

— அழாதீங்கம்மா.

— அழல சார். அந்த ஹால் ஜன்னலை நினைச்சேன்.

— தெரியும்மா. அந்த எடத்தை நீங்க எவ்வளவு ஆசையாத் துடைப்பீங்கன்னு என் வீட்டுல சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாங்க. அதனாலதான் வந்தேன். உங்களை இந்தக் கஞ்ச ஓனர்கிட்ட விட்டுட்டுப் போக எங்களுக்கு மனசு வரல. பாவம், எத்தனை வருஷமா இந்தத் தகரத்துக்குக் கீழ வேகுறீங்க. புது வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. மேல காங்கிரீட். ஃபேன் இருக்கு. ஜன்னல்கூட இருக்கும்மா. எங்ககூடவே வந்துடுங்க. வாடகை வேண்டாம். வீட்டைப் பாத்துக்கிட்டா போதும், சம்பளத்தையும் கொஞ்சம் ஏத்தித் தர்றேன்.

— சார், நீங்க இவ்வளவு நல்லவரா இருந்தா நான் எப்படி சார் பேசறது? இதுக்கு மேல மறைச்சா எனக்குச் சோறு இறங்காது. ஒரு உண்மையைச் சொல்லிடறேன்.

— என்ன உண்மை?

— நீங்க அடிச்சாலும் வாங்கிக்கறேன் சார். இந்த வீட்டு ஓனரு இருக்காரே, அவர் வெளியூர்ல எல்லாம் இல்ல. அவர் வந்து—

— வாயை மூடுய்யா கொஞ்ச நேரம். ஓனர் எங்க ஓடிடப் போறாரு? சார், அந்த ரூமுக்கு கரண்ட் பில்லு யாரு கட்டறது, நாங்களா, நீங்களா?