பெரிய சக்கரமும் ஒரு முன்பல்லும்

வாயத் தொறக்காத மாப்ள! தொறக்காத! டாக்டர் என்ன சொல்லிட்டுப் போனாரு? அரை மணி நேரம் பஞ்ச அப்படியே கடிச்சுக்கிட்டு இருக்கணும், பேசக்கூடாது, துப்பக்கூடாது. பேசினா ரத்தம் நிக்காது. அதனால நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன் கண்ணப் பாத்தாலே தெரியுது, என்னைத்தான் திட்டறன்னு. திட்டு, மனசுக்குள்ளயே திட்டு, நான் வேண்டாங்கல. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? மொத்தப் பழியையும் என் ஒருத்தன் தலையில போட்டா எப்படி?

இப்படி சுவரோரமா தள்ளி உக்காரு. இந்த பெஞ்சுல ஒரு கால் ஆடும். எத்தன தடவ கேட்டிருப்பேன், நான் சரி பண்ணித் தரேன் டாக்டர்னு... இந்த கிளினிக்கோட பின்பக்க ரூம்ல உக்காந்து ஊருக்கே பல்லு செட்டு செஞ்சு தரேன், ஒரு பெஞ்சு காலத் தொட விடமாட்டேங்கறாரு மனுஷன். "நீங்க பல்லு மட்டும் பண்ணுங்க, அது போதும்"கறாரு. சரி விடு, நமக்குக் கிடைக்கற மரியாதை அவ்வளவுதான்.

யாரு ஃபோன்ல? உங்கக்காவா? ஐயையோ, எடுக்காத! வாயில பஞ்ச வச்சுக்கிட்டு என்னத்தப் பேசுவ? கட் பண்ணு... கட் பண்ணுன்னா! அமுக்கிட்டியா? ஆங், அப்படியே மடியில கவுத்து வை. நல்ல புள்ள.

அவகிட்ட என்ன சொல்லணும்னு மொதல்ல நாம பேசி வச்சுக்குவோம். நாய். சரியா? சைக்கிளுக்குக் குறுக்க நாய் வந்துச்சு, பிரேக் போட்ட, விழுந்துட்ட. அவ்வளவுதான். கருப்பு நாய். இல்ல இல்ல, எதிர் வீட்டு நாயும் கருப்பு, அவங்கள போய்க் கேட்டுடுவா. செவலை நாய். தலைய ஆட்டு... என்ன, ஆட்டமாட்டேங்கற? மாப்ள, நெலமையப் புரிஞ்சுக்க. நாய் இல்லேன்னா வீட்டுப் பின்கட்டுல இருக்கற என் ரூம் போச்சு!

வாஷிங் மெஷின் விஷயத்துக்கு அப்புறம் அவ போட்ட சட்டம் உனக்குத் தெரியுமில்ல? அதுல சத்தம் வருதுன்னுதான் தொறந்தேன். நல்ல எண்ணத்துலதான் தொறந்தேன். அது நகந்து நகந்து சமையலறை வாசல் வரைக்கும் வந்து நின்னதுக்கு நான் என்ன பண்ண? அன்னிக்கு சொன்னா: "இன்னொரு தடவ அடுத்தவங்க பொருள் மேல கைய வச்சீங்க, அந்த ரூம்ல இருக்கற அரம், பட்டறை, ஆணி, எல்லாம் வெளிய போகும், என் தையல் மெஷின் உள்ள வரும்." எனக்குன்னு இந்த உலகத்துல இருக்கறது அந்த ஒரு ரூம்தான் மாப்ள. ஜன்னல்கூட கெடையாது. ஆனா உள்ள போய்க் கதவச் சாத்தினா ராஜா மாதிரி இருக்கும்.

சரி, இத ஆரம்பிச்சது யாரு? நீதான? "மாமா, எல்லாரும் பெரிய சக்கரம் போட்டுட்டாங்க மாமா, கல்லு, குழி, எதுலயும் அப்படியே உருண்டு ஏறுது மாமா, என் சைக்கிள் மட்டும் சர்க்கஸ் வண்டி மாதிரி இருக்கு மாமா"ன்னு என் வீட்டு வாசல்ல வந்து மூக்கால அழுதது யாரு? நானா வந்து கேட்டேன்? சரி, நானாத்தான் கேட்டேன். ஆனா நீ மூஞ்சியத் தொங்கப் போட்டதாலதான கேட்டேன்!

அந்த சைக்கிள் கடைக்காரன். அவன் மேலயும்தான் தப்பு. பெரிய சக்கரம் போடணும்னா முன்னாடி ஃபோர்க்கே புதுசா மாத்தணுமாம். எதுக்குங்கறேன்? முன்சக்கரத்தப் புடிச்சுக்கிட்டு ரெண்டு கால், அதுக்குள்ள காத்து, குழியில எறங்கினா அமுங்கும், அப்புறம் எழும்பும். இருக்கறது இவ்வளவுதான். அதுக்கு அவன் சொன்ன விலையக் கேட்டதும் நீ அங்கயே படியில உக்காந்துட்ட. அதான் நான் சொன்னேன், கெளம்பு மாப்ள, தினமும் மனுஷன் வாய்க்குள்ள நூலிழை கணக்குல வேலை பாக்கறவன் நான், ஒரு சைக்கிள் ஃபோர்க்கு எனக்கு எம்மாத்திரம்னு.

அவன் பின்னாலயே கத்தினான்... சரி, அது இப்ப எதுக்கு.

வேலை சுத்தமா இருந்துச்சா இல்லையா? உண்மையச் சொல்லு. பேசாத, விரலக் காட்டு... அந்த விரல் இல்ல! பெரிய சக்கரத்த மாட்டினோம். டிஸ்க் பிரேக்கு சக்கரத்தோட நடுவுல இருக்கற தட்டத்தான் புடிக்கும், அதனால பிரேக்குல தொந்தரவே இல்ல. ரெண்டு காலையும் சேத்துக்கிட்டு டயருக்கு மேல வளைவா ஒண்ணு போகுது பாரு, அதுல மட்டும் டயர் லேசா உரசிச்சு. வேற எவனா இருந்தாலும் அரத்த எடுத்துக் கண்ண மூடிக்கிட்டுத் தேச்சிருப்பான். நான் என்ன பண்ணேன்? கடி பேப்பர் எடுத்துட்டு வந்தேன். நம்ம நீல பேப்பர். பல்லு செட்டு மாட்டினதும் வாயில வச்சுக் கடிக்கச் சொல்லுவோமே, எந்த இடம் ஒசரமோ அங்க நீலம் ஒட்டிக்கும். அத டயருக்கும் வளைவுக்கும் நடுவுல விட்டுச் சக்கரத்தச் சுத்தினேன். எங்க நீலம் பட்டுச்சோ அங்க மட்டும், பல்லு தேய்க்கற மெஷின வச்சு, பூ மாதிரி எடுத்தேன். மறுபடி பேப்பர், மறுபடி சுத்தல். கடைசியில ஒரு பொட்டு நீலம் ஒட்டல. அப்புறம் பாலிஷ் வேற போட்டேன். அந்த வளைவுல மூஞ்சியப் பாத்துத் தலை சீவலாம்! "மாமா, கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு மாமா"ன்னு நீதான சொன்ன?

அதோட விட்டேனா? உன்ன ஏத்தறதுக்கு முன்னாடி நானே ஓட்டிப் பாத்தேன். முன்வாசல சுத்தி சுத்தி வந்தேன். ஏறினேன், எறங்கினேன், குதிச்சேன். ஒண்ணும் ஆகல. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. என் ஒடம்பு எப்படி, உன் ஒடம்பு எப்படி? நான் உக்காந்தா அந்த ஃபோர்க்குக்கு ஆளு ஏறினதே தெரியாது. நீ நல்லா சாப்பிட்டு வளந்தவன். நீ போய் அந்தப் பூங்கா படிக்கட்டுல, அதுவும் மேல் படியிலேர்ந்து, ஒரே தாவா தாவி எறங்கினா? எறங்கலாமா? "பாத்து எறங்கு"ன்னு கத்தினேனா இல்லையா?

கத்தினேன்பா... சரி, "போ மாப்ள, பறந்துடு"ன்னுதான் கத்தினேன். ஒரு சந்தோஷத்துல வந்துடுச்சு.

அந்தப் படியும் அப்படித்தான். படின்னா ஒரு அளவு வேண்டாமா? எவன் கட்டினானோ. நீ எறங்கின, ஃபோர்க்கு அமுங்கிச்சு, சக்கரம் அப்படியே நின்னுடுச்சு. வண்டி நிக்குது, நீ நிக்கல. நான் அங்கேர்ந்து ஓடி வரேன்... நீ குப்புறக் கெடக்கற, எந்திரிச்சு என்னப் பாத்து "மாமா"ன்னு சொல்ற, வாயெல்லாம் ரத்தம், முன்பல்லு பாதியக் காணோம். உன் பல்லத் தேடறேன்னு சொல்லிக்கிட்டு அந்தப் புல்லுல முட்டி போட்டுத் தடவிக்கிட்டு இருந்தேனே, அது உன் மூஞ்சியப் பாக்க முடியாமத்தான்.

மிச்சமிருந்த பாதியையும் டாக்டர் புடுங்கிட்டாரேன்னு கவலையே படாத. புண்ணு ஆறட்டும், நானே செஞ்சு தரேன். டாக்டர் கடைசியில மாட்டி விடுவாரு, அவ்வளவுதான், வேலை என் வேலை. நேரா, பளிச்சுன்னு, விளம்பரத்துல வர்ற பல்லு மாதிரி வேணும்னு கேக்காத, தரமாட்டேன். அந்தப் பல்லு உனக்கு லேசா உள்பக்கம் திரும்பியிருக்கும். உங்கக்காவுக்கும் அதே பல்லு, அதே திருப்பம். பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு அவ சிரிச்சப்ப நான் மொதல்ல பாத்ததே அதத்தான். பல்லு வேலை பாக்கறவன் வேற எத பாப்பான்? அதுலதான் விழுந்தேன். அவகிட்ட இத இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல, நீயும் சொல்லாத. அந்தத் திருப்பம் மாறாம அப்படியே செஞ்சு தரேன். ராத்திரி பகலா உக்காந்தாவது செய்யறேன்.

என்ன, ஃபோனயே பாத்துக்கிட்டு இருக்க? அது கெடக்குது விடு. நாய்... நாய் விஷயத்த முடிச்சுக்குவோம். செவலை நாய், வாலு கட்டையா...

இரு... உள்ள டாக்டர் பேசறாரு, கேக்குதா? யாருக்கோ செட்டு மாட்டறாரு. "கடிங்க... இன்னும் நல்லா, அழுத்திக் கடிங்க... இப்பப் பாருங்க"ங்கறாரு.

...

ஹ்ம்.

மாப்ள, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்த டாக்டர் சின்னப் பையனா இங்க வந்த புதுசுல, செட்ட மாட்டிட்டு, வாய ஆன்னு தொறக்கச் சொல்லிப் பாத்துட்டு, "ஆகா, நல்லாப் பொருந்துது"ன்னு அனுப்பிடுவாரு. மறுநாளே செட்டு ஒடஞ்சு திரும்பி வரும். நான்தான் கத்துவேன். டாக்டர், தொறந்த வாயில எந்தப் பல்லும் பொருந்தும், கடிச்சுப் பாத்தாதான் கதை தெரியும்னு. இந்த கிளினிக் பூரா கேக்கற மாதிரி நான் கத்தின கத்துதான் அது.

அந்த ஃபோர்க்க நான் தொறந்த வாயிலதான் பாத்தேன் மாப்ள. காத்து முழுசா இருக்கு, காலு ரெண்டும் நீட்டி நிக்குது, நான் பாட்டுக்கு நீல பேப்பர விட்டுக் கீழ இருக்கற வளைவத் தேச்சுக்கிட்டு இருந்தேன். வளைவுதான் சக்கரத்தோடயே சேந்து மேல போகுதே, அத மட்டும் தேச்சு என்ன பிரயோஜனம்? பாக்க வேண்டிய எடம் மேல, ஹேண்டில் பாருக்குக் கீழ, ரெண்டு காலையும் புடிச்சிருக்கற கட்டை. ஃபோர்க்கு அமுங்கினா டயர் நேரா அதுலதான் போய் இடிக்கும். சின்னச் சக்கரத்துக்கு எடம் இருந்துச்சு. பெரிய சக்கரத்துக்கு இல்ல. காத்தத் தொறந்து விட்டு, ஹேண்டில் பாரு மேல சாஞ்சு, ஒரே ஒரு தடவ முழுசா அமுக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். உள்ள ஒரு குழாய்த் துண்டப் போட்டு, அவ்வளவு தூரம் அமுங்காம தடுத்திருக்கலாம்.

அதத்தான் அந்தக் கடைக்காரன் பின்னாலயே கத்தினான். "அண்ணே, காத்த எறக்கிட்டு ஒரு தடவ அமுக்கிப் பாத்துக்கங்க"ன்னு. எனக்கேவான்னு கைய வீசிட்டு வந்துட்டேன். நாயும் இல்ல, படியும் இல்ல, உன் ஒடம்பும் இல்ல மாப்ள. நான்தான். நானேதான். போதுமா?

எதுக்குக் கண்ணு கலங்கற? வலிக்குதா? சிரிக்கிறியா? எதுக்குச் சிரிக்கிற? என்னத்தக் காட்டற... ஃபோனா? அதான் கட் பண்ணிட்டியே... திருப்பு பாப்போம்...

ஓடிக்கிட்டு இருக்கு! மாப்ள, லைன் கட் ஆகல, நேரம் ஓடிக்கிட்டு இருக்கு! நீ எந்தப் பட்டன அமுக்கின?

அடப்பாவி.

...அலோ. ஆங், நான்தான். நான்தாம்மா. எப்பலேர்ந்து லைன்ல இருக்க? ... ஓ. நாய் வர்றதுக்கு முன்னாடியேவா. ... ஆமா, செவலைதான். ... இல்ல. நாய் இல்ல. ... தெரியும். தெரியும்மா. ... அந்தப் பல்லு விஷயமுமா கேட்ட? ... உண்மைதான். பொய்யா சொல்லுவேன்? ... அலோ? ... ஆங், சரி. சரி. சொல்லிடறேன். வைக்கிறேன்.

இந்தா மாப்ள, பிடி. ரூம் சாவி. உன்கிட்டயே குடுத்துடச் சொன்னா. புதுப் பல்லு மாட்டி நீ அவ முன்னாடி வந்து சிரிக்கணுமாம், திருப்பம் அப்படியே இருந்தா சாவி எனக்கு, இல்லேன்னா தையல் மெஷினுக்காம்.

அப்புறம்... வர்றப்ப டாக்டர்கிட்ட சொல்லி எனக்கும் ஒரு பஞ்சு வாங்கி வாயில வச்சுக்கிட்டு வரணுமாம். கிளினிக் வாசல்லேர்ந்தே கடிச்சுக்கிட்டு வந்தா நல்லதாம்.

சிரிக்காத மாப்ள... சிரிக்காத, உன் பஞ்சு விழுது.