செம்பூவும் வெண்பூவும் இட்டு மருந்தறிந்த டாக்டர் சுலோச்சனா அம்மையார்க்கு

தணிகை மலையடியில் காய்ச்சலை விரட்டிய கருணைத் தாயே, கண்டதும் நம்பாத, கேட்டதும் களிக்காத கலைச்செல்வியே, எங்கள் நெசவாளர் தரும வைத்தியசாலையின் தலைமை மருத்துவரே, விடைபெறும் இவ்வேளையில் தங்களை வணங்குகிறோம்.

நாடி பார்க்கத் தெரிந்த எங்களுக்கு, நம்புமுன் ஒப்பிடவும் கற்றுத் தந்தவர் தாங்கள். "இந்த மருந்தில் எல்லாரும் குணமானார்கள்" என்று நாங்கள் துள்ளினால், "அதைக் குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டு வாயடைப்பீர்கள். சராசரியையும் தற்செயலையும் விளக்கத் தாங்கள் புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்ட மாலைகளில், கம்பவுண்டர் ராஜவேலு நன்றாகத் தூங்கினார் என்பதையும் இச்சபையில் மறைப்பதற்கில்லை.

சென்ற ஆண்டு மலேரியா என்னும் முறைக்காய்ச்சல் பரவியபோது, சென்னையிலிருந்து வந்த புது மாத்திரையைச் செவ்வாய்க்கிழமை வருவோர்க்கும், பழைய கசப்பு மருந்தான கொய்னாவைச் சனிக்கிழமை வருவோர்க்கும் கொடுத்தோம். புது மாத்திரை வென்றது. அறிக்கை சென்றது; பாராட்டும் புதுக் கட்டில்களும் வருவதாக மேலிடம் எழுதியது. நாங்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை, நெசவாளி எல்லப்பனை மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார் அவர் மனைவி மணியம்மை. "இன்னாங்க டாக்டரம்மா, செவ்வாக்கெழம மலையேறி சாமி பாத்துட்டு வர்றவங்களுக்குப் புது மாத்திரை. எழுந்து ஒக்கார முடியாம கெடக்குற எங்க வூட்டுக்காரருக்கு அந்தக் கசப்புத் தண்ணிதானா?" என்று சண்டை பிடித்தார்.

தாங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். மலையேறும் தெம்புள்ளவர் செவ்வாயில் வர, எழ முடியாதோர் சந்தை வண்டி ஓடும் சனியில் வர, நாம் மருந்தையா ஒப்பிட்டோம்? அன்றே அறிக்கையைத் திரும்பப் பெற்றீர்கள். கட்டில்கள் வரவில்லை. எங்களுக்கு மனம் வலித்தது. தங்கள் மீது கோபமும் வந்தது.

மறுநாளே இவ்வூரார் சுவாமி முன் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தையே தாங்கள் கைக்கொண்டீர்கள். செவ்வரளி வந்தால் புது மாத்திரை, வெண்முல்லை வந்தால் கொய்னா. ராஜவேலு சொந்தக்காரருக்குப் பார்த்து எடுத்துக் கொடுக்காதபடி, பூப்பொட்டலங்களைத் தாங்களே கட்டிக் குடத்தில் இட்டு, நோயாளியையோ உறவினரையோ ஒன்றை எடுக்கச் சொன்னீர்கள். எல்லப்பனுக்கு வந்தது வெள்ளைப் பூ. மணியம்மை அழுதார். தங்கள் கை புது மாத்திரைப் புட்டியை நோக்கி நீண்டதையும், பாதியில் திரும்பியதையும் நாங்கள் கண்டோம். அவர் கண் திறக்கும்வரை அக்கட்டிலை விட்டுத் தாங்கள் அகலவில்லை.

எல்லப்பன் பிழைத்தார். இரண்டு மருந்தும் ஏறக்குறைய ஒன்றே என்று கணக்குச் சொன்னது. புது மாத்திரை எட்டாத ஊர்களும் இனி அஞ்ச வேண்டியதில்லை என்று தாங்கள் சிரித்த சிரிப்பில், வராமற்போன கட்டில்களை நாங்கள் மறந்தோம்.

தணிகைவேலன் தங்களுக்கு நெடிய ஆயுளும் குன்றாத உடல்நலமும், ஓய்விலும் ஓயாத கேள்விகளும் அருள்வானாக.

இப்போது தங்கள் தோளில் நாங்கள் போர்த்தும் பட்டு, எல்லப்பன் நெய்தது. கரையில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் ஒழுங்கின்றி வருகின்றனவே என்று கேட்டோம். "ஒவ்வொரு பூவும் கொடத்துல கைய வுட்டு எடுத்துதாங்க போட்டேன். நானா பாத்துப் போட்டா அம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

திருத்தணி, தை 1949

இங்ஙனம், ஒப்பிட்டுப் பார்த்தும் தங்களுக்கு இணை காணாத
வைத்தியசாலை ஊழியர்கள்