சிவப்பைத் தாண்டிய கொக்கி

தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள் தம்பி. சீனி குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். உள்ளறையில் இருப்பது என் மகன் கோகுலன். கதவைச் சாத்தியே வைத்திருப்பான். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

கொக்கியைப் பற்றிக் கேட்கத்தானே போலீஸிலிருந்து வந்தீர்கள், சொல்கிறேன். பத்து காவான் ஊரில் பாரம் தூக்கும் கொக்கி செய்கிற தொழிற்சாலையில் எனக்கு உலை வேலை. இந்த ஜார்ஜ்டவுன் வீட்டிலிருந்து நானும் மகனும் ஒரே பஸ்ஸில்தான் கடல் பாலம் தாண்டிப் போவோம். அவனுக்கு அங்கேயே யார்டில் கிரேன் ஓட்டுகிற வேலை. பொத்தான் பெட்டியைக் கையில் பிடித்து, பாரத்துக்குப் பக்கத்தில் நின்றே தூக்குகிற கிரேன்.

எங்கள் கொக்கி கார்பன் குறைந்த எஃகு. நல்ல குணமுள்ள இரும்பு. அடித்து வளைத்த பிறகு உலையில் செக்கச் சிவக்க வைத்து, வேளையோடு எடுத்து, சும்மா காற்றில் ஆறவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே பொடிப்பொடி மணிகளாக இறுகும். அப்படி ஆறின கொக்கி பாரம் மிஞ்சினால் ஒடியாது, மெல்ல வாயைத் திறக்கும். பக்கத்தில் நிற்பவன் பார்த்து விலகிக்கொள்ளலாம். சூட்டைக் கூட்டி, சிவப்பைத் தாண்டி மஞ்சளாகும்வரை விட்டு, அங்கேயே கிடக்கப் போட்டால் உள்மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெதுவாக இழுத்துச் சோதித்தால் தாங்கும். வெடுக்கென்று தூக்கினால்தான் ஒடிந்து போகும்.

கோகுலன் கைக்கு நிதானம் கிடையாது. சின்னப் பிள்ளையில் என் முந்தானையைக்கூட வெடுக்கென்றுதான் இழுப்பான். "டேய், பாரத்தத் தூக்குறியா, அதுகூட சண்ட போடுறியா?" என்று ஃபோர்மன் தயாளன் கேலி செய்வார்.

அவனுக்கு வெளிநாட்டில், பெர்த் நகரத்தில் வேலை கிடைத்தது. "ரெண்டு வருஷம்தான் லா, கண்ண மூடித் திறந்தா வந்துருவேன்மா" என்றான். அவன் அப்பாவும் சிங்கப்பூருக்கு அப்படிச் சொல்லித்தான் போனார். அவரைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் யார்டில் ஒரு பழக்கம். வேலையை விட்டுப் போகிறவனுக்குப் புதுக் கொக்கி மாட்டி, அதன் முதல் பாரத்தை அவனையே தூக்கச் சொல்வார்கள். கொக்கிக்குக் குங்குமம் வைப்பது அவன் வீட்டுப் பெண். நான்தான் வைத்தேன். அதை உலையில் கிடக்கப் போட்டதும் நான்தான்.

கொக்கி ஒடிந்து பாரம் விழுந்தால் ஒரு கால் என்றுதான் நினைத்தேன். விமானம் ஏற முடியாதபடி ஒரு காலில் ஓர் எலும்பு. இரண்டும் போகும் என்று நினைக்கவில்லை. பாரம் ஆடாமல் பிடித்து நிறுத்த வந்த யார்டு உதவியாள் ஷாருலை நான் நினைக்கவே இல்லை. அந்தப் பையன் அந்த இடத்திலேயே போய்விட்டான். புக்கிட் மெர்தாஜாமில் அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் ஒரே மகன். ஆனால் ஷாருல் எங்கேயும் போவதாகச் சொன்னதில்லை, பாவம்.

ஒடிந்த துண்டைத் தயாளன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டினார். உடைத்த கல்கண்டு மாதிரிப் பெருத்த மணிகளாக மினுமினுத்தது. கோகுலன் அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"அம்மா, இத உலையில வச்சது யாரு?"

"நான்தான்பா."

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.

குளிப்பாட்டுவது, தூக்கி உட்காரவைப்பது எல்லாம் நான்தான். சில நாள் சோற்றைத் தொடமாட்டான். அதனால் என்ன. பெருத்த மணியையும் திரும்ப அளவாகச் சூடுகாட்டி ஆறவிட்டால் பொடிசாகிவிடும். பிள்ளை மனசும் அப்படித்தான், கொஞ்ச நாள் எடுக்கும்.

உங்களுக்குப் போன் செய்தது யார் என்று நீங்கள் சொல்லவில்லை. வேண்டாம், தயாளனாகத்தான் இருக்கும். அதோ, சக்கர நாற்காலி நகர்கிற சத்தம். நீங்கள் வந்த பிறகுதான் கதவைத் திறக்கிறான், பாருங்கள். அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள் என்று சொல்லத்தான் வருகிறான்.